எண்ணெய் போட்ட கம்ப்யூட்டர்

புனேயின் கட்கி பஜாருக்குப் பின்னால் உள்ள அந்த இரண்டு அறை வீட்டில், போன வாரம் நாம் தமிழரசியை விட்டு வந்தபோது, அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றிருந்தாள். தொடக்கத்திலிருந்து கூட வருகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழரசி ஆற்காட்டுப் பெண். விலங்கியல் பட்டதாரி. கல்யாணமாகிப் புனேக்கு வந்த புதிதில் அவுந்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்பும் வேலை. கெட்டிக்காரி என்று அவள் பேர் வாங்கத் தொடங்கிய சமயத்தில், மாமனார் பக்தவத்சலம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மயங்கி விழுந்தார். சர்க்கரை. 'பெரியவரைத் தனியாக விடாதீர்கள்' என்று டாக்டர் ஒரே ஒரு வரி சொன்னார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. கணவன் சங்கரனுக்குப் பிம்ப்ரியில் ஷிஃப்ட் வேலை. மிச்சம் இருப்பது யார்?

'வேலையை விடு' என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் அந்த வீட்டின் சாமர்த்தியம். யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடமாக அவள் உலகம் என்பது முன் அறை, பின் அறை, வாசலில் துணி காயப்போடும் கம்பி. பஜாருக்குப் போகவேண்டுமென்றால்கூடப் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளை மாமனாருக்குக் காவல் வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்வரவேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் பழைய ஆபீசிலிருந்து ஷீலா மேடத்தின் போன் வந்தது. வீட்டிலிருந்தபடியே வேலை செய்ய ஆள் எடுக்கிறார்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் மறுபடி அவுந்து ஆபீசுக்கே வந்துவிடலாம். நிபந்தனை இரண்டுதான். முதலாவது, வீட்டுக் கம்ப்யூட்டரில் மெமரி நூற்றிருபத்தெட்டு எம்.பி. இருக்கவேண்டும். இவர்கள் வீட்டில் இருப்பதோ முப்பத்திரண்டு. அதை ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் படம் விழும். இரண்டாவது, அவர்கள் அனுப்பிவைக்கும் சிடியில் உள்ள சோதனைப் பதிவை டைப் அடித்து, எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போகிறாளோ அதிலிருந்தே திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும்.

"மேடம், திங்கக்கிழமை ஆயுத பூஜை."

"அமெரிக்காவுக்கு ஏதுப்பா ஆயுத பூஜை?" என்று ஷீலா மேடம் சிரித்தாள். "அஞ்சு மணிக்கு மேல வந்தா நான் திறந்துகூடப் பாக்க முடியாது. இந்த வேலைக்கு நிறையப் பேரு நிக்கறாங்க தமிழரசி."

அந்தத் திங்கட்கிழமைதான் இன்று.

*

ஜெண்டு எனப்படும் துலுக்கச் சாமந்தி மாலை, பூசணிக்காய், பொரி என்று கேட்டால் இங்கே கிடைக்கும் முர்முரா, எல்லாவற்றையும் இரண்டு பைகளில் சுமந்துகொண்டு தமிழரசி வீட்டுக்குள் நுழைந்தாள். தெருவில் ரிக்‌ஷாக்களெல்லாம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தன. மராட்டிக்காரர்களுக்கு இது காண்டே நவமி. பேர்தான் வேறு, பொட்டு ஒன்றுதான்.

முன் அறையில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஆயுதங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மைக்ரோமீட்டர், ரம்பம், ஸ்பேனர் செட், அரிவாள்மனை, தையல் மெஷின். எல்லாம் பளபளவென்று துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து. வரிசையின் கடைசியில், மேஜைமேல் கம்ப்யூட்டர். அதன் நெற்றியிலும் மூன்று பொட்டு.

பக்தவத்சலம் வெடிமருந்துத் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜை என்றால் அவருக்குச் சுண்டலும் பொரியும் அல்ல. மெஷினை நிறுத்தி, பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி, அப்புறம்தான் பொட்டு. ரிடையர் ஆன பிறகு பிரிப்பதற்கு மெஷின் இல்லாமல், வீட்டில் இருப்பதையெல்லாம் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாம்மா பாக்கற? எல்லாம் முடிஞ்சிச்சி. ஒண்ணு வுடல," என்றார். முகத்தில் அத்தனை திருப்தி.

ஒன்று விடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தமிழரசி அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பூசணிக்காயைக் கீழே போட்டிருப்பாள்.

"மாமா, பொட்டு வெச்சுட்டீங்களே, நான் இன்னிக்கு அதுல வேலை செய்யணுமே!"

"பொட்டுதான வெச்சேன், சூடம் காட்டலியே. சூடம் காட்டினாத்தான் நாளைக்கி விடியற வரைக்கும் தொடக்கூடாது. நீ கேட்டன்னு பூஜைய சாயங்காலத்துக்கு மாத்திட்டேன் இல்ல? விளக்கு வெச்சப்பறம் பண்ணிக்கலாம். நீ உன் வேலையப் பாரு."

அவர் வாழ்நாளில் ஆயுத பூஜையை மாலைக்குத் தள்ளிவைத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அது தெரியும். அதனால் நன்றியாகவும் இருந்தது, அந்த நன்றி கழுத்தை இறுக்குவதாகவும் இருந்தது. அந்த வீட்டில் யாராவது கெட்டவராக இருந்துவிட்டால் தேவலை என்று அவளுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

"சாப்பிட்டுருங்க மாமா. மாத்திரை போட்டாச்சுல்ல?"

"மாத்திரையெல்லாம் ஆச்சி. சாப்பாடு பூஜைக்கு அப்பறம்தான். ஒரு டம்ளர் மோர் குடு, போதும்."

*

பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்ன சலீம், பதினொன்றரைக்கு வந்தான். பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். பூர்வீகம் ஆம்பூர். அவன் வாப்பாவும் பக்தவத்சலமும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்.

"மாஃப் கர்னா அக்கா, லேட்டாயிடுச்சு. நாளைக்கி தசரா, புது கம்ப்யூட்டர் வாங்கறவன் பூரா இன்னிக்கே வந்து உயிர எடுக்கறான்." சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக் கவரை எடுத்தான். அதற்குள் சீப்புத் துண்டு மாதிரி ஒரு பச்சைப் பட்டை. "இதான் உங்க மெமரி. இதப் போட்டா வண்டி பறக்கும்."

சலீம் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பட்டையை அதற்கான பள்ளத்தில் வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினான். இரண்டு பக்கமும் கொக்கி டக்கென்று பிடித்தது. ஸ்விட்சைப் போட்டான்.

பீ...ப். பீ...ப். பீ...ப்.

திரை கறுப்பாகவே இருந்தது.

எடுத்துத் துடைத்து மறுபடி போட்டான். பீ...ப். பக்கத்துப் பள்ளத்தில் போட்டான். பீ...ப். புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டான். அதற்கும் பீ...ப்.

"நேத்து வரைக்கும் ஓடிச்சா?"

"ராத்திரிகூட ஓடிச்சு. மெதுவா ஓடிச்சு, ஆனா ஓடிச்சு." என்றாள் தமிழரசி.

சலீம் டார்ச்சை அடித்து உள்ளே குனிந்தான். மூக்கை உறிஞ்சினான். விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்தான். பளபளவென்றிருந்தது. மெமரி போடும் பள்ளத்துக்குள்ளிருந்து ஊசி முனையால் எதையோ இழுத்தான். ஒரு நூல் பிசிறு வந்தது. தொழிற்சாலையில் மெஷின் துடைக்கிற பஞ்சு நூல்.

"அக்கா," என்றான் மெதுவாக. "இதுக்கு யாரோ எண்ணெய் போட்டுகிறாங்க."

தமிழரசி திரும்பிப் பார்த்தாள். பக்தவத்சலம் பின் அறை வாசலில் நின்றிருந்தார். கையில் சின்ன மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. தையல் மெஷினுக்குப் போடுவது. அதைப் பின்னால் மறைத்துக்கொள்ளலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"ஸ்லோவா ஓடுது, ஸ்லோவா ஓடுதுன்னு நீதானம்மா சொல்லிக்கினு இருந்த," என்றார். "லேத்து இறுகிப்போயி மெதுவா சுத்தினா இன்னா பண்ணுவோம்? பிரிச்சி, துடைச்சி, நாலு சொட்டு வுடுவோம். அந்தப் பச்சைத் தகடு ஒண்ணு கையோட வந்திச்சி. அதையும் துடைச்சி, அது உக்கார்ற எடத்தையும் துடைச்சி, எண்ணெய் தொட்டு வெச்சேன். கெட்டது பண்ணணும்னு பண்ணலம்மா."

சலீம் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு பெரியவரின் முகத்தைப் பார்த்து, சிரிப்பை விழுங்கினான்.

தமிழரசிக்குக் கோபம் வந்தது. உச்சந்தலை வரைக்கும் வந்தது. வந்த கோபம் போவதற்கு இடமில்லாமல் அப்படியே நின்றது. விடியற்காலையில் எழுந்து, கை நடுங்க நடுங்க, தன் வேலைக்காக ஒரு கிழவர் திருகாணி திருகியிருக்கிறார். அவரை என்னவென்று திட்டுவது? திட்டினால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் அங்கே துணைக்கு உட்காரப் போவது யார்? எந்தப் பக்கம் போனாலும் அவளிடமே வந்து முடிந்தது.

"பரவால்ல மாமா," என்றாள். "சலீம் சரி பண்ணிருவாரு."

"பண்ணிருவேன் சாச்சா. நீங்க உக்காருங்க," என்றான் சலீம். பிறகு குனிந்து அவளிடம் மட்டும், "பண்ண முடியுமான்னு பாக்கறேன்கா," என்றான்.

*

கடையிலிருந்து ஸ்பிரிட்டும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டுவந்தான். ஒவ்வொரு பள்ளமாகத் துடைக்க ஆரம்பித்தான். தமிழரசி பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து, அவன் சொன்னபடி மெமரிப் பட்டையின் தங்க நிற ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் போன் அடித்தது. சங்கரன்.

"க்யா தமிழு, ஆச்சா? எங்க டிபார்ட்மெண்ட்ல பூஜை முடிஞ்சிடுச்சு. பேடா குடுத்தாங்க. சீக்கிரம் வந்துடறேன்."

நடந்ததைச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்பாவா? எண்ணெயா? அரே பாப்ரே!" பிறகு, "சரி விடு. இது இல்லன்னா இன்னொண்ணு வரும். டென்ஷன் ஆகாத," என்றான்.

சங்கரன் நல்லவன். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். அவனுக்கு 'முடியாது' என்ற சொல்லே வாயில் வராது. எதைக் கேட்டாலும் 'செய்யலாம், செய்யலாம்' என்பான். செய்யமாட்டான், அவ்வளவுதான். மூன்று வருடமாக அவள் தலையை முட்டிக்கொள்ளும் சுவர் அது. முட்டினால் வலிக்காது, ஆனால் வழியும் விடாது.

ஒரு மணி ஆகியிருந்தது. சலீம் எல்லாவற்றையும் ஃபேன் காற்றில் காயவைத்து, புதிய பட்டையை இரண்டாவது பள்ளத்தில் வைத்து அழுத்தினான். "முதல் பள்ளம் சரிப்படாது. ரெண்டாவதுல ட்ரை பண்றேன். உங்க சாமிய கும்பிட்டுக்கங்க."

ஸ்விட்சைப் போட்டான்.

ஒரே ஒரு சின்ன பீப். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் கடகடவென்று ஏறின. ஏறி, நூற்றிருபத்தெட்டுக்குரிய கணக்கில் வந்து நின்றன. பக்தவத்சலம் எழுந்து நின்றுவிட்டார். தமிழரசி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும் சாச்சா," என்றான் சலீம். "ஃபேன்ல கடகடன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது போயேபோச்சு. அந்த எண்ணெய் மட்டும் சரியான எடத்துல பட்டுகிது."

கிழவரின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

சலீம் அதோடு விடவில்லை. கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்து உட்கார்ந்துகொள்ளும் வேண்டாத புரோகிராம்களையெல்லாம் நிறுத்தினான். சங்கரன் சேர்த்து வைத்திருந்த சீட்டாட்டமும் கார் பந்தயமும் போயின. "இத்தினியும் உள்ள உக்காந்திருந்தா அது எப்படிக்கா நடக்கும்? பாவம், மூச்சு விட எடமில்லாம கெடந்திச்சு," என்றான். அணைத்து மறுபடி போட்டுக் காட்டினான். காபிக்குத் தண்ணீர் வைக்கிற நேரம்கூட ஆகவில்லை, படம் விழுந்துவிட்டது.

*

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டதும் தமிழரசி வேறு ஆளாகிவிட்டாள்.

யாரோ ஒரு அமெரிக்க டாக்டர். மூக்கடைப்போடு பேசினார். ஐம்பது வயதுப் பெண்மணி, வலது முழங்கால், மாடிப்படி ஏறும்போது வலி. தமிழரசியின் விரல்கள் அவர் பேச்சின் பின்னாலேயே ஓடின. விட்டுப்போன மருந்துப் பெயர்கள் தாமாகத் திரும்பி வந்தன. ஒன்றரை வருடமாக அவளை 'தமிழு', 'அம்மா', 'அக்கா' என்று கூப்பிட்டவர்கள்தான் உண்டு. இந்த ஆளுக்கு அவள் யாரென்றே தெரியாது. தான் சொல்வதைப் பிழையில்லாமல் எழுத ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது.

இடையில் ஒரு தடவை பக்தவத்சலம் வந்து எட்டிப் பார்த்தார். "மோர் எடுத்துக் குடிங்க மாமா," என்று திரும்பாமலே சொன்னாள். குடித்தாரா என்று பார்க்கவில்லை.

முடித்து, ஒரு முறை முழுக்கக் கேட்டு, திருத்தினாள். மணி நாலேகால். ஆங்கிலத்தில் 'அனுப்பு' என்று போட்டிருந்த பொத்தானை அழுத்தினாள். போன் லைன் மோடத்துக்கு மாறி, கீச்கீச்சென்று கத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, நின்றது.

பாஸ்வேர்ட் தவறு என்று திரையில் ஒரு பெட்டி.

மறுபடி அடித்தாள். தவறு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பார்த்து, ஒவ்வொரு விரலாக அடித்தாள். தவறு.

இன்டர்நெட் கணக்கு சங்கரன் பேரில் இருக்கிறது. பாஸ்வேர்ட் இருவருக்கும் தெரியும். போன வாரத்துக்கு முந்தின வாரம்வரை அதே பாஸ்வேர்டில்தான் அவள் தங்கைக்கு மெயில் போட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். சங்கரன் பேடா டப்பாவோடு உள்ளே வந்தான்.

"பாஸ்வேர்டு மாத்தினீங்களா?"

"இந்தா, முதல்ல வாயத் திற..."

"மாத்தினீங்களா?"

அவன் டப்பாவை மேஜைமேல் வைத்தான். சந்தனப் பொட்டையும் வேகமாக எழுந்து நிற்கும் திரையையும் பார்த்தான். "போன வாரம். இன்டர்நெட்டுக்கு வாங்கின மணி நேரம் கம்மியா இருந்திச்சு, யாராவது யூஸ் பண்ணிடப் போறாங்கன்னு..."

"யாராவதுன்னா யாருங்க? இந்த வீட்ல இருக்கறது நானும் மாமாவும்."

சங்கரன் டப்பாவை மறுபடி எடுத்துக்கொண்டு முன் அறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அதன் நூலைப் பிரித்தான். பிறகு அவன் பேசியது, கல்யாணமாகி முதல் தடவையாக அவன் பேசிய நிஜம் என்று நினைக்கிறேன்.

"எண்ணெயப் பத்தி நீ சொன்னப்போ, அப்பாடா, இது கெட்டுப்போனது நம்மளால இல்லன்னு இருந்திச்சு. ஆறு மாசம் கழிச்சு உன்ன ஆபீசுக்குக் கூப்புடுவாங்க இல்ல? நீ போனா அப்பாவ யாரு பாத்துக்கறது? எங்க கம்பெனில ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. எனக்கு வேலை போயி உனக்கு இருந்திச்சுன்னா, இங்க உக்கார வேண்டியது நான். மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டு, எங்க விழுந்துருவாரோன்னு வாசலயே பாத்துக்கிட்டு. என்னால முடியாது தமிழு. ஒரு வாரம்கூட முடியாது. பைத்தியம் புடிச்சிடும்."

"நான் ஒன்றரை வருஷமா இருக்கேன்."

"அதான் சொல்றேன். உனக்குப் பழகிடுச்சு."

அவன் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னான். தமிழரசிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. பூட்டி வைத்தவர்களைக்கூட மன்னித்துவிடலாம். உள்ளே இருப்பது உனக்குச் சுகமாகத்தானே இருக்கிறது என்று கேட்பவனை என்ன செய்வது? அழக்கூடாது என்று நினைத்தாள், அழுகையும் வரவில்லை.

"பாஸ்வேர்டக் குடுத்துட்றா சங்கரா."

பின் அறையிலிருந்து பக்தவத்சலத்தின் குரல். எத்தனை நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

சங்கரன் எழுந்து வந்தான். தலையைத் தூக்காமல் எழுத்துகளைத் தட்டினான். மோடம் கத்தியது, மூச்சு விட்டது, பிடித்துக்கொண்டது. திரையில் ஒரு நீலக் கோடு பிறந்து, நத்தை வேகத்தில் வளர ஆரம்பித்தது. கம்பெனிக்காரர்களின் புரோகிராம் டைப் அடித்ததோடு குரல் பதிவையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். அந்தப் போன் கம்பியில் அது போய்ச் சேருவதற்கு நேரமாகும்.

இருவரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு வேறு இடம் இல்லை.

கோடு கால்வாசி வந்தபோது, தமிழரசிக்கு மோர் ஞாபகம் வந்தது. எழுந்து பின் அறைக்குப் போனாள். மோர் டம்ளர் மூடியபடியே இருந்தது. கட்டில் காலி. ஆணியில் மாட்டியிருந்த சட்டை இல்லை. பின் கதவு திறந்திருந்தது.

"மாமா?"

சந்தில் யாரும் இல்லை. அந்தோணியம்மாள் வீட்டில் பூட்டு தொங்கியது.

"என்னங்க, மாமாவக் காணோம். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. மாத்திரை மட்டும் போட்டிருக்காரு, சர்க்கரை இறங்கிடும்!"

சங்கரன் முகம் வெளுத்தது. எழுந்தான், வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான். "நீ போய்ப் பாரு தமிழு. எங்க போவாரு, யார் வீட்டுல உக்காருவாருன்னு உனக்குத்தான் தெரியும். நீ ஓடு. இத நான் பாத்து அனுப்பிடறேன்."

தமிழரசி அவனைப் பார்த்தாள். செய்யலாம், செய்யலாம் என்று சொல்கிற அதே முகம். அனுப்பினாலும் அனுப்புவான். கோடு நடுவில் அறுந்துபோனால், 'போயிடுச்சு, என்ன பண்ண' என்பான். அவன் கையில் இதை விட்டுவிட்டுப் போக முடியாது. இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அங்கே எந்தச் சந்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ. அவளுக்காகத்தான் போயிருக்கிறார். அவள் வழியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றுதான் போயிருக்கிறார்.

"அவரு உங்க அப்பா," என்றாள். "நீங்க தேடுங்க."

"தமிழு..."

"போங்க!"

மூன்று வருடத்தில் அவள் அவனிடம் குரலை உயர்த்தியது இப்போதுதான். அவன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதிக் கோடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன். கட்கியில் பாதிப் பேருக்கு இந்த வீட்டு நம்பர் தெரியும். அவர் விழுந்து கிடந்தால், யாராவது பார்த்தால், இங்கேதான் போடுவார்கள். கம்ப்யூட்டர் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் கிடைக்காது. பிஸி என்றுதான் வரும்.

கை மோடத்தின் ஒயருக்குப் போனது. பிடுங்கினால் லைன் திறந்துவிடும். பிடுங்கினால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும், ஐந்து மணிக்குள் முடியாது.

ஒயரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். முக்கால் கோடு. தெருவில் யாரோ ரிக்‌ஷாவின்முன் பூசணிக்காய் உடைத்தார்கள், பிள்ளைகள் கூச்சலிட்டன. அவள் பிடுங்கவில்லை. ஏன் பிடுங்கவில்லை என்று நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்களோ, எல்லாருக்கும் முன்னால் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். விடை தெரிந்துதான் இருந்தது. அந்த நீலக் கோட்டைத் தவிர இந்த வீட்டில் அவளுடையது என்று எதுவும் இல்லை.

கோடு முடிந்தது. போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் இருந்தது. அவள் ஒயரைப் பிடுங்கிப் போனில் மாட்டினாள்.

மாட்டிய கையை எடுக்கவில்லை, போன் அடித்தது.

"ஹலோ..."

தெரியாத ஒரு பெண் குரல். இந்தி. மூச்சு வாங்கியது. பின்னால் பஸ்களின் சத்தம்.

"பக்தவத்சலம் வீடா? பெரியவர் இங்க பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்த மாதிரியே சரிஞ்சிட்டாரு. நினைவு தப்பறதுக்கு முன்னாடி அவரே நம்பர் சொன்னாரு. எவ்வளவு நேரமாப் போடறேன், பிஸி, பிஸின்னே வருது. வீட்ல ஆளே இல்லையா? நீங்க அவருக்கு யாரு?"

மருமகள் என்பதற்கு இந்தியில் என்ன சொல்வார்கள் என்று தமிழரசிக்கு நன்றாகத் தெரியும். இந்த நேரத்தில் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"நான்தான்," என்றாள் தமிழிலேயே. "வீட்ல அவருக்குத் துணைக்கு இருக்கறவ."